குழந்தைகள் ஓட்டம் நடத்தப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

நான் பி.டி. டீச்சர். சென்னையில எங்க காலனியில வருஷா வருஷம் ஜனவரியில சின்னப் பசங்களுக்கு ஓட்டம் வச்சு, சேர்ற பணத்தைப் பக்கத்துக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுக்கிறோம். தங்க ஏரியாவுல நடத்த நினைக்கிறவங்க கேட்ட கேள்விகளுக்குப் பதில் இது.

பெரம்பூர்: அக்கா, எவ்வளவு தூரம் வைக்கலாம்?

5லேர்ந்து 8 வயசுக்கு ஒரு கிலோமீட்டர் தாராளம். 12 வரைக்கும் ரெண்டு, அதுக்கு மேல மூணு. வயசு வாரியா, அஞ்சு நிமிஷம் விட்டு விட்டு அனுப்புங்க. விசில் சத்தம் கேட்டதும் முதல் ஐம்பது மீட்டரை எல்லாப் பசங்களும் உசிரைக் கொடுத்து ஓடும். விழறது பூரா அங்கதான். அந்த இடத்துல வேகத்தடை, ஜல்லி எதுவும் இருக்கக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே பெருக்கி வைங்க.

பெத்தவங்க கூட ஓடட்டும், ஆனா கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. ஒரு வருஷம், அண்ணன் ஓடறதைப் பார்க்க வந்த நாலு வயசுப் பொண்ணையும் அவ அப்பா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினார். பிஸ்கட் கொடுத்தப்போதான் கவனிச்சேன். இடது கை தொங்கிட்டு இருந்தது. அந்தப் பக்கம் நீட்டினா வாங்க மாட்டேங்கிறா, வலது கையைத்தான் நீட்டறா. முழங்கை எலும்பு நழுவியிருந்தது. டாக்டர் ஒரு திருப்பு திருப்பி உட்கார வச்சதும் பத்து நிமிஷத்துல அதே கையால பிஸ்கட் சாப்பிட்டா. அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த மூட்டைச் சுத்தின நார் இளசு, ஒரு வெடுக்குலயே எலும்பு நழுவிடும். வீட்டுலயே நீவிச் சரி பண்ணப் பார்க்காதீங்க.

தாம்பரம்: போலீஸ் அனுமதி, மைக் செட் பத்திச் சொல்லுங்க டீச்சர்.

ஸ்டேஷன்ல எழுத்துல கொடுங்க, டிராஃபிக் போலீசுக்குத் தனியா ஒண்ணு. மாநகராட்சித் தெருன்னா அவங்க அலுவலகத்துலயும் கேட்கணும். ரூட்டைக் கையால வரைஞ்சு, எந்த முனையில எத்தனை பெரியவங்க நிப்பாங்கன்னு குறிச்சுக் கொடுத்தா அங்க பேச்சு சீக்கிரம் முடியும். ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி போடக் கூடாது. ஜனவரியில சூரியன் வர்றதே ஆறரைக்கு மேலதான், அப்போ ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிங்க.

வேளச்சேரி: என் ஜிபே நம்பர்லயே பணம் வாங்கிக்கலாமா?

வேண்டாம். நன்கொடை நேரா இல்லத்தோட வங்கிக் கணக்குக்குப் போகட்டும், ரசீதும் அவங்களே தரட்டும். 80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை, கேட்கிறவங்களுக்கு: 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா வரிக்கழிவு கிடையாது.

குரோம்பேட்டை: டி-ஷர்ட் எங்க அடிக்கிறது?

டி-ஷர்ட்டே வேண்டாம். வீட்டுல இருக்கிற பனியன் போதும். அந்தக் காசு இல்லத்துக்குப் போகட்டும்.

அம்பத்தூர்: ஸ்பான்சர், இல்லத்துப் பசங்களை மேடையில நிறுத்தி, பெரிய செக்கோட போட்டோ எடுக்கணும்ங்கிறார். செய்யலாமா அக்கா?

கூடாது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு. பராமரிப்புல இருக்கிற குழந்தையோட பேர், படம், அடையாளம் தெரியற எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட உண்டு.

மதுரை: முகம் தெரியாம யாரு காசு கொடுப்பா? டெரி ஃபாக்ஸைப் பார்த்துத்தானே உலகமே கொடுத்தது?

நல்ல கேள்வி. 1980ல கனடாவுல, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க, ஒரு செயற்கைக் காலோட 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார் அவர். புறப்படும்போது வயசு 21. தானே முடிவெடுத்து, தன் முகத்தைத் தானே கொடுத்தார். இல்லத்துல இருக்கிற எட்டு வயசுப் பையன்கிட்ட யார் கேட்டா? நாளைக்கு அவன் வகுப்புல பக்கத்துப் பெஞ்சுப் பையன் அந்தப் படத்தைக் காட்டுவான்.

அம்பத்தூர்: பின்பக்கமா நின்னு எடுத்தா?

யூனிஃபார்ம், இல்லத்துப் பலகை ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாலும் அடையாளம்தான். செக்கை இல்லத்து நிர்வாகி வாங்கட்டும், ஸ்பான்சர் அவரோட நிக்கட்டும்.

மதுரை: அப்போ அந்தப் பசங்களுக்கு இதுல இடமே இல்லையா டீச்சர்?

இருக்கு, ஓடற இடத்துல! இல்லத்துல அனுமதி வாங்கி, மத்தப் பசங்க மாதிரியே சட்டையில நம்பர் சீட்டு குத்தி, கலந்து ஓட விடுங்க. பேர் சொல்லி மைக்ல வரவேற்க வேண்டாம். எங்க ஓட்டத்துல ஒரு பையன் முடிஞ்சதும் நம்பரைக் கழட்டி, நாலா மடிச்சு, "மிஸ், இதைத் திருப்பிக் கொடுக்கணுமா?"ன்னு கேட்டான். வச்சுக்கடான்னேன். அடுத்த வருஷம் வந்தப்போ புத்தகப் பையில அது அப்படியே குத்தியிருந்தது.

ஆவடி: தண்ணி பாக்கெட் கொடுக்கலாமா?

2019லேர்ந்து தமிழ்நாட்டுல அதுக்குத் தடை, பிளாஸ்டிக் கப்புக்கும்தான். எவர்சில்வர் டம்ளர் வைங்க. சோர்ந்து வர்ற பிள்ளைக்கு: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணி, தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பல்லாவரம்: டி-ஷர்ட் என்ன கலர் நல்லா இருக்கும்?

குரோம்பேட்டைக்குச் சொன்னதைப் படிங்க.

போரூர்: கூட்டத்துல குழந்தை தொலைஞ்சா?

நம்பரோட பின்பக்கம் அம்மா அப்பா போன் நம்பரை எழுதுங்க. முன்பக்கம் வேண்டாம், யார் வேணும்னாலும் படிப்பாங்க. முடியற இடத்துல கயிறு கட்டி, அதே நம்பரோட துண்டுச் சீட்டு காட்டறவங்ககிட்ட மட்டும் பிள்ளையை ஒப்படையுங்க.

மாதவரம்: என் பொண்ணுக்கு நாலு வயசுதான். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு ஓடலாமா?

பெரம்பூருக்குச் சொன்னதை முழுசாப் படிங்கம்மா. அவ உங்க விரலைப் பிடிச்சுக்கட்டும், நீங்க அவ கையைப் பிடிக்காதீங்க.