ஓட்டம் குறைந்தால் டோபமின் குறைந்தது என்று எழுதலாமா?

கேள்வி: ஒரு சமிக்ஞைப் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு ஆம்பெட்டமின் என்ற ஊக்கமருந்தைச் செலுத்தினால், சோதனைப் பெட்டியில் அவை இயல்பான எலிகளைவிடக் குறைவாகவே ஓடுகின்றன. டோபமின் வெளியீடு குறைந்துள்ளது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (முதுகலை மாணவி)

பதில்: இந்தத் தரவை மட்டும் வைத்து எழுத வேண்டாம். நரம்புச் செல்களுக்கிடையே செய்தி சுமக்கும் வேதிப்பொருளான டோபமின் வழக்கம்போல் வெளியேறியும், அதைப் பெறும் நியூரானுக்குள் (நரம்புச் செல்லுக்குள்) செய்தி கடத்தப்படாவிட்டால், வெளியே தெரியும் நடத்தை இதேபோல்தான் இருக்கும்.

டோபமினைப் பெறும் நியூரான்களுக்குள் இருக்கும் டார்ப்-32 என்ற புரதம் இதற்கு நல்ல சான்று. மூளையில் இயக்கத்தைக் கட்டுப்படுத்த உதவும் ஸ்ட்ரையேட்டம் பகுதி நியூரான்களில், டோபமினைப் பெறும் ஏற்பிகளில் ஒன்றான டி1 ஏற்பி தூண்டப்படும்போது, செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. அதனால் முடுக்கப்படும் புரத கைனேஸ்-ஏ என்ற நொதி, டார்ப்-32இன் 34ஆம் இடத்துத் திரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அந்த நிலையில் டார்ப்-32, பாஸ்பேட்டை நீக்கும் நொதியான புரத பாஸ்பட்டேஸ்-1ஐத் தடுத்துவிடுவதால், பிற புரதங்களில் கைனேஸ் சேர்த்த பாஸ்பேட்டுகள் எளிதில் நீங்குவதில்லை. டோபமினின் இன்னொரு ஏற்பியான டி2 சைக்ளிக் ஏஎம்பியைக் குறைத்து எதிர்த்திசையில் இழுக்கிறது. டார்ப்-32 இல்லாத சுண்டெலிகளில் டோபமினுக்கும் போதைப்பொருள்களுக்குமான எதிர்வினை மங்கியிருப்பதை, நரம்பியல் அறிஞர் பால் கிரீன்கார்ட் குழுவினர் 1998இல் காட்டினர். அங்கே பழுது, செய்தியைப் பெறும் பக்கத்தில்தான் இருந்தது.

டார்ப்-32ஐ டி1 ஏற்பி கொண்ட நியூரான்களில் மட்டும் நீக்கியபோது ஓட்டம் குறைந்ததையும், டி2 ஏற்பி கொண்ட நியூரான்களில் மட்டும் நீக்கியபோது கூடியதையும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. உடல் முழுவதும் மரபணுவை நீக்கிய எலியில் இவ்விரண்டும் கலந்தே தெரியும் என்பதால், ஒற்றை ஓட்ட அளவை நான் பெரிதாக நம்புவதில்லை. பெறும் நியூரானின் மற்றொரு புரதமான ஆர்ஜிஎஸ்-9 இல்லாத எலிகளோ கோகெய்னுக்கு மிகையாக ஓடுகின்றன. ஏற்பி செல்லுக்குள் எழுப்பும் ஜி-புரதச் சமிக்ஞையை விரைந்து அணைப்பது அதன் வேலை.

ஆம்பெட்டமினிலும் ஒரு சிக்கல் உண்டு. அது, வெளியேறிய டோபமினை மீண்டும் நியூரானுக்குள் எடுக்கும் டோபமின் கடத்திப் புரதத்தின் வழியே செயல்படுகிறது. அக்கடத்தி இல்லாத, 1996இல் விவரிக்கப்பட்ட சுண்டெலிகள், டோபமின் செல்களுக்கு வெளியே நெடுநேரம் தங்குவதால் இயல்பிலேயே ஓயாமல் ஓடின, ஆனால் ஆம்பெட்டமின் அந்த ஓட்டத்தைக் கூட்டவில்லை.

ஆகவே, எஸ்கேஎஃப்-81297 போன்ற, டி1 ஏற்பியை நேரடியாகத் தூண்டும் மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் ஓட்டம் குறைந்தால் பெறும் நியூரானை முதலில் ஐயுறலாம். இயல்பாக ஓடினால் வெளியீட்டையோ கடத்தியையோ ஐயுறலாம், அப்போதும் நுண்கூழ்பிரிப்பு (மைக்ரோடயாலிசிஸ்) முறையில் ஸ்ட்ரையேட்டத்தின் டோபமினை அளந்த பிறகே வெளியீட்டைப் பற்றி எழுத வேண்டும். உப்புநீர் மட்டும் செலுத்தியபோது மரபணு நீக்கிய எலிகளும் அதே ஈற்றில் பிறந்த இயல்பு எலிகளும் ஓடும் அளவையும், சுழல்தண்டுச் (ரோட்டராட்) சோதனையில் தசை ஒருங்கிணைப்பையும் பதிவுசெய்யாவிட்டால், மரபணு நீக்கிய எலிகளால் ஓடவே இயலவில்லையோ என்று தேர்வாளர் கேட்பார்.