நேட்டோ கூட்டாளிகளின் சண்டைகள்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: 1966-இல் பிரான்ஸ் நேட்டோவை விட்டே போய்விட்டது. பிறகு எப்படி உறுப்பினர்?

பதில்: போகவே இல்லை. கூட்டணி வேறு, அதன் கூட்டு ராணுவத் தலைமை வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1966 மார்ச் 7-இல் பிரான்ஸ் அதிபர் டி கோல், அமெரிக்க அதிபர் ஜான்சனுக்கு எழுதிய கடிதத்தில் ராணுவத் தலைமையிலிருந்து மட்டும்தான் விலகினார். அந்நியப் படைகள் வெளியேறக் கெடு 1967 ஏப்ரல் 1. ராணுவத் தலைமையகம் பெல்ஜியத்தின் காஸ்தோ கிராமத்துக்குப் போனது. பாரிஸில் நேட்டோ இருந்த கட்டடம் இன்று பல்கலைக்கழகம். 2009-இல் பிரான்ஸ் திரும்பி வந்தது. அணு ஆயுதத் திட்டக் குழுவில் மட்டும் இன்றும் சேரவில்லை.

கேள்வி: அமெரிக்கா நேட்டோவை விட்டு விலகுமா?

பதில்: ஆரூடம் சொல்ல மாட்டேன். வழி மட்டும் சொல்கிறேன். நேட்டோ ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவின்படி ஓராண்டு முன்னறிவிப்பு தர வேண்டும். 2023-இல் வந்த சட்டப்படி செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ நாடாளுமன்றச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலக முடியாது.

கேள்வி: 1956-இல் சூயஸில் பிரிட்டனும் பிரான்ஸும் பின்வாங்கியது சோவியத் மிரட்டலால்தானே?

பதில்: இல்லை ஐயா, பணத்தால். ஜூலை 26-இல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலோடு பாரிஸுக்கு அருகே செவ்ரில் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, அமெரிக்க அதிபர் ஐசனோவரிடம் மறைத்து எகிப்தில் படையை இறக்கின. ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்ற விலையைக் காப்பாற்ற லண்டனுக்கு டாலர் வேண்டும். ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடனுக்கு வாஷிங்டன் தலையசைக்க வேண்டும். அது அசையவில்லை. நவம்பரில் மட்டும் பிரிட்டன் இழந்த கையிருப்பு 27.9 கோடி டாலர். போரை முன்னின்று ஆதரித்த நிதியமைச்சர் மேக்மில்லனே நிறுத்தச் சொன்னார். பிரான்ஸ் அக்டோபரிலேயே தன் கடனுக்கு ஏற்பாடு செய்திருந்ததால் அதற்கு அந்த நெருக்கடி இல்லை. பாதிக் கால்வாயில் லண்டன் நிறுத்தச் சொன்னபோது பாரிஸ் கொதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஜெட் விமானங்களில் எது சிறந்தது? எஃப்-35-ஆ, ரஃபாலா?

பதில்: என் துறை இல்லை. விமானம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சூயஸ் கேட்டவன் நான். ராக்கெட்டைக் காட்டி மிரட்டிய சோவியத் பிரதமர் புல்கானினின் கடிதம் நவம்பர் 5-ஆம் தேதி இரவு, போர்நிறுத்தம் 6-ஆம் தேதி. தேதியே சாட்சி சொல்கிறதே?

பதில்: 6-ஐ மட்டும் பார்க்காதீர்கள், டிசம்பரையும் பாருங்கள். ராக்கெட் பயம்தான் காரணம் என்றால் சண்டை நின்றதுமே படைகள் கப்பல் ஏறியிருக்க வேண்டும். எகிப்தின் துறைமுகமான போர்ட் சயீதிலேயே உட்கார்ந்திருந்தார்கள். டிசம்பர் 3-இல் முழுமையாக விலகுகிறோம் என்று லண்டன் அறிவித்தது. 10-ஆம் தேதி ஐ.எம்.எஃப். 56.1 கோடி டாலர் தந்து, இன்னும் 73.9 கோடிக்கு உறுதியும் கொடுத்தது. கடன் எதற்காகக் காத்திருந்தது என்பது தெரிகிறதல்லவா? அந்த மிரட்டல் பாரிஸை உலுக்கியது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வாரம் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் எழுச்சியை நசுக்க புடாபெஸ்ட்டில் நின்றன.

கேள்வி: ஒரு உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரும் போருக்குப் போயாக வேண்டும்தானே?

பதில்: ஐந்தாம் பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது. பயன்பட்டது ஒரே முறை, 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக.

கேள்வி: இரண்டு சதவீதம் கட்டாத நாடுகளை நீக்குவார்களா?

பதில்: அது நேட்டோவுக்குக் கட்டும் சந்தா இல்லை, நாட்டின் மொத்த உற்பத்தியில் இவ்வளவை சொந்த ராணுவத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2025 வரை இருந்த இலக்கு. இன்று மூன்று பேர் கேட்டாயிற்று.

கேள்வி: நேட்டோவை விட்டு அமெரிக்கா போய்விடுமா?

பதில்: இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சூயஸ் கேட்டவன் நானேதான் மறுபடி. சரி, பணம் என்றே வைத்துக்கொள்வோம். பிரிட்டனும் பிரான்ஸும் ஒரே பாடத்தைத்தானே கற்றன?

பதில்: நல்ல கேள்வி. நேர் எதிரான பாடங்கள். அமெரிக்காவை மீறக் கூடாது என்று லண்டன் எடுத்துக்கொண்டது. 1962-இல் பஹாமாஸின் நசாவ் நகரில் அமெரிக்காவிடமே போலாரிஸ் ஏவுகணை வாங்க ஒப்புக்கொண்டது. அமெரிக்காவை நம்பக் கூடாது என்று பாரிஸ் எடுத்துக்கொண்டது. 1960 பிப்ரவரி 13-இல் சகாராவின் ரெகானில் சொந்த அணுகுண்டை வெடித்தது.