லைன் வீடு கட்ட எந்தக் கடன்?

கேள்வி: பல்லடம் அருகே மனை வாங்கி, பனியன் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட லைன் வீடுகள் (ஒரே வரிசையில் ஒட்டியபடி கட்டும் சிறு வீடுகள்) கட்டத் தனிநபர் கடன் வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேண்டாம், வட்டி அதிகம், தவணைக் காலமும் குறைவு. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனையெனில், மனைக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்தே வங்கியில் வீட்டுக் கடன் கேளுங்கள். ஆனால் அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள மட்டம்), கூரை கான்கிரீட் என வேலை ஏற ஏறத்தான் பணம் விடுவிக்கப்படும் என்பதால், கொத்தனாருக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையிருப்பு அவசியம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மீதித் தொகையும் முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளும் உங்களுடையவையே. இந்தப் பற்றாக்குறையை ஏலச்சீட்டு எடுத்து நிரப்புவது நம் பக்கத்து வழக்கமென்றாலும், வாடகை வரத் தொடங்குமுன்பே கடன், சீட்டு என இரண்டு தவணைகள் கழுத்தை நெரிக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.