மகளின் பெயர் காப்பீட்டுப் பட்டியலில் ஏறும் வரை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள், தேர்விலும் தேறிவிட்டாள். ஆனால் இன்சூரன்ஸ் ஆகவில்லை என்று இரண்டு மாதமாக வேலையில் சேர்க்காமல் வைத்திருக்கிறார்கள். உடம்புக்கு ஏதாவது இருந்து என்னிடம் மறைக்கிறாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். இந்த இன்சூரன்ஸ் உங்கள் மகளின் உடம்புக்கானது அல்ல. அவர் மயக்க மருந்து கொடுக்கப்போகும் நோயாளிகளுடையது. "இவர் செய்யும் வேலைக்கு நாங்கள் பணம் தருவோம்" என்று அந்தக் காப்பீட்டு நிறுவனங்கள் அவரைத் தங்கள் பட்டியலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் மருத்துவமனை காத்திருக்கிறது.

நம் ஊரில் மயக்க மருந்து கொடுப்பவர் மருத்துவர். காப்பீட்டு அட்டையை நீட்டினால், மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே யார் ஊசி போட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் அறுவை செய்தவருக்கு ஒரு பில், மயக்க மருந்து கொடுத்தவருக்கு வேறு பில் என்பதுதான் வழக்கம். மயக்கவியல் செவிலியருக்கு மெடிகேர், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, நேரடியாகப் பணம் தரலாம் என்று 1986-இல் சட்டம் வந்தது. 1989-இல் நடைமுறைக்கு வந்தது. செவிலியர்களிலேயே இந்த உரிமையை முதலில் பெற்ற பிரிவு இதுதான். உங்கள் மகள் சேரவிருக்கும் அயோவாவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வை கட்டாயம் என்ற மெடிகேர் விதியிலிருந்து, 2001 டிசம்பரில் முதலில் விலகிய மாநிலம் அது. அங்குள்ள சிற்றூர் மருத்துவமனைகள் பலவற்றில் அறுவை மேசையின் தலைமாட்டில் மயக்க மருந்து கொடுத்து நிற்பது செவிலியர் ஒருவர்தான்.

பில் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் தாமதத்தின் காரணமும் புரியும். மயக்க மருந்துக் கட்டணத்தை 'அலகு' என்ற கணக்கில் போடுவார்கள். குடல்வால் அறுவைக்கு அடிப்படை அலகு 6. ஒன்றரை மணி நேரம் பிடித்தால், 15 நிமிடத்துக்கு ஒன்று என்று இன்னும் 6. மொத்தம் 12 அலகு. அதை ஓர் அலகின் விலையால் பெருக்குவார்கள். செவிலியர் தனியாகப் பார்த்துக்கொண்டால் 'கியூ.இசட்.' என்று குறியிட்டு முழுத் தொகை கேட்கலாம். மயக்கவியல் மருத்துவர் வழிநடத்தினால் 'கியூ.எக்ஸ்.' என்று குறியிட வேண்டும். மெடிகேர் ஆளுக்குப் பாதி தரும். எந்தக் குறியானாலும் செவிலியரின் என்.பி.ஐ. எண் அதில் இருக்கும். மருத்துவப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் அரசு தரும் பத்து இலக்க அடையாள எண் அது. அந்த எண் காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் பதிவாகியிருக்காவிட்டால் பில் திரும்பிவிடும். காப்பீடு தராத பணத்தை நோயாளியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய வழியையும் 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அடைத்துவிட்டது. நோயாளி தன் காப்பீட்டுப் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குத்தான் போனார் என்றால், பட்டியலில் இல்லாத மயக்கவியல் செவிலியர் அவரிடம் கூடுதலாக ஒரு டாலர்கூடக் கேட்க முடியாது. அது நோயாளிக்கு நல்ல சட்டம். உங்கள் மகளுக்குக் காத்திருப்பு.

உங்கள் மகள் தேறியது தேசியச் சான்றுத் தேர்வு. அதற்குப்பின் மாநில உரிமம், என்.பி.ஐ. எண், மெடிகேர் பதிவு, மாநில மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) பதிவு, தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றின் ஒப்புதல் என்று தனித்தனிப் படிகள் இருக்கின்றன. மெடிகேர் கொஞ்சம் தாராளம்: பதிவு கிடைத்தபின், விண்ணப்பம் சேர்ந்த நாளுக்கு 30 நாள் முன்பு வரை செய்த வேலைக்கும் பில் அனுப்ப இடமுண்டு. தனியார் நிறுவனங்கள் இரண்டு முதல் நான்கு மாதம் எடுத்துக்கொள்வது சாதாரணம். எனவே இரண்டு மாதம் என்பதைக் கேட்டுக் கலங்க வேண்டாம்.

ஆனால் நம் பிள்ளைகளின் விண்ணப்பம் தேவையில்லாமல் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கவிதா' என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிலியர் மன்றப் பதிவிலும் அப்படியே. பாஸ்போர்ட்டில் 'எஸ்' விரிந்து அப்பாவின் முழுப் பெயராகிவிடும். திருமணத்துக்குப்பின் அந்த இடத்தில் கணவரின் பெயர் வந்து உட்காரும். நமக்கு மூன்றும் ஒரே பெண். அங்கே ஆவணம் சரிபார்க்கும் அலுவலருக்கு மூன்று வெவ்வேறு ஆட்கள். மாநில உரிமம், என்.பி.ஐ., சமூகப் பாதுகாப்பு எண், தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் விண்ணப்பதாரரின் விவரங்களைப் பார்க்கும் சி.ஏ.கியூ.எச். என்ற இணையத் தரவுப் பக்கம் ஆகிய எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தரவுப் பக்கத்தில் விவரங்கள் சரி என்று 120 நாளுக்கு ஒருமுறை மீண்டும் உறுதி செய்யவும் வேண்டும். மறந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று, வேலையில்லாமல் இருந்த காலம். குழந்தை பிறந்தபோது ஓராண்டு வீட்டில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேட்பது அங்கே வழக்கம். ஓராண்டைத் தாண்டினால் எழுத்தில் கேட்பார்கள். 'குழந்தைப்பேறு, குழந்தை வளர்ப்பு' என்ற ஒரு வரி போதும். பிள்ளை பெற்றதற்காக யாரும் விண்ணப்பத்தைத் தள்ளப்போவதில்லை. வெற்றிடமாக விட்டால்தான் சந்தேகம் வரும்.

ஒப்பந்தத்தில் இரண்டைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளம் எந்த நாளிலிருந்து கணக்கு என்பது ஒன்று. மருத்துவத் தவறு வழக்குக்கான காப்பீட்டை யார் எடுக்கிறார்கள், வேலையை விட்டு விலகியபின் வரும் வழக்குக்கும் அது பொருந்துமா என்பது மற்றது. இரண்டாவதை இளம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. பின்னால் பெரிய செலவாகிவிடும்.

கடைசியில், இளைய மகளையும் இதே வழியில் அனுப்ப ஆசை என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நிதானமாகப் படியுங்கள். நம் கலந்தாய்வில் பி.எஸ்சி. நர்சிங்கும் பி.எஸ்சி. அறுவை அரங்கு, மயக்கவியல் தொழில்நுட்பமும் ஒரே பட்டியலில் வரும். பெயரில் 'மயக்கவியல்' இருக்கிறதே என்று இரண்டாவதை எடுத்துவிடாதீர்கள். அது நல்ல படிப்பு, இங்கே வேலையும் உண்டு. ஆனால் அதை வைத்து அக்காவின் வேலைக்குப் போக முடியாது. பதிவு பெற்ற செவிலியராக இருப்பதுதான் அதற்கு நுழைவாயில். அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வு, அந்நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர வேலை, அதன்பின் சுமார் மூன்றாண்டு முனைவர் நிலைப் படிப்பு. 2022 முதல் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முனைவர் நிலைதான். அக்காவுக்குத் திருமணத்தால் விசா அமைந்தது. வேலைவாய்ப்பு வழியில் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு (கிரீன் கார்டு) இந்தியாவில் பிறந்த செவிலியர் பத்தாண்டுக்கு மேல் வரிசையில் நிற்க நேர்கிறது. ஆகவே இளையவருக்கு நர்சிங் பிடித்திருந்தால் மட்டும் சேருங்கள். அமெரிக்காவைக் காட்டிச் சேர்க்காதீர்கள். ஒரு நாள் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே நான் கேட்க வேண்டும்.