ஏழு பேர்ச் காணிக்கு ஆஷ் மரம் வாங்கலாமா?

கேள்வி: தோட்ட வீடமைப்பில் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் தகரக் கூரை போட்டு வீடு கட்டியிருக்கிறோம். மதியம் திரும்பினால் மேற்கு வெயில் சுவரைக் காய்ச்சி எடுக்கிறது. கனடாவில் இருக்கும் அக்கா, தன் வீட்டு வாசலில் நிற்கும் ஆஷ் மரம் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாவதைப் படம் எடுத்து அனுப்புவார். அதே மரத்தின் கன்று 4,500 ரூபாய் என்று இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா? அல்லது அக்கா வரும்போது விதை கொண்டுவரச் சொல்லட்டுமா?
— பண்டாரவளை வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். நிழலுக்கு மரம் வைக்க நினைத்தது நல்ல எண்ணம், ஆனால் இந்த மரத்துக்குக் காசைக் கொடுக்காதீர்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 13 மீற்றர் சொச்சம். நன்கு வளர்ந்த வெள்ளை ஆஷ் 18 முதல் 25 மீற்றர் உயரம் போகும். அதன் கிளைப் பரப்பே 12 மீற்றரைத் தாண்டும். உங்கள் காணி முழுவதும் அதன் அடியில் போய்விடும், பக்கத்து வீட்டுக் கூரையும் தப்பாது.

பொன்னிறமும் இங்கே கிடைக்காது. பகல் குறுகி, கடும் குளிர் வந்தால்தான் அந்த மரம் அப்படி நிறம் மாறி இலை உதிர்த்து உறங்கும். உங்கள் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. விதையும் ஈரக் குளிரில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் முளைக்கும்.

அக்காவின் பெட்டியில் விதை வருவதுதான் எனக்கு அதிகக் கவலை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. கன்றோ விதையோ, அனுமதிப்பத்திரம் பெற்று, கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையின் பரிசோதனை வழியாகத்தான் வர வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசியாவிலிருந்து போன மரகதப் பச்சை வண்டு ஒன்றை 2002 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் நெளிநெளியாகக் குடைந்து, வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டன. கனடாவும் தப்பவில்லை. ஐரோப்பாவிலோ ஒரு பூஞ்சை அங்குள்ள ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. நமக்கு இதெல்லாம் தொலைதூரக் கதை அல்ல. 1869 இல் உங்கள் ஊவாவின் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் தென்பட்ட துரு நோய்தான், சில பத்தாண்டுகளில் இந்த மலைகளில் கோப்பியையே இல்லாமல் செய்தது.

இவ்வளவுக்கும் பிறகு, விளம்பரத்தில் இருப்பது ஆஷ் தானா என்பதும் சந்தேகம். ‘மவுன்டன் ஆஷ்’ என்ற பெயரில் ஒரு யூகலிப்டஸ் மரமே இருக்கிறது. உண்மையான ஆஷ் கன்றில், தண்டின் ஒரே கணுவில் இலைகள் எதிரெதிராக இரண்டு இரண்டாக நிற்கும். ஒவ்வோர் இலையும் வேப்பிலைபோல் பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மாறி மாறி ஒற்றை இலையாக ஏறினால் அது வேறு மரம்.

கேள்வி: அப்படியானால் எதை வைப்பது? எங்கே வாங்குவது?
— அதே வாசகி

பதில்: பண்டாரவளைக்கு என் முதல் தெரிவு ஒட்டுக்கட்டிய அவகாடோ. கவாத்துப் பண்ணினால் ஐந்தாறு மீற்றரில் நிறுத்தலாம்; நிழலோடு பழமும் கிடைக்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். கச்சான் காற்று நேராக அடிக்கும் பக்கமானால் முதல் சில வருடம் ஊன்றுகோல் வேண்டும். நுவரெலியா போன்ற குளிர் ஊர்களில் இருப்பவர்களுக்குச் சிவப்புப் பூ பூக்கும் பாட்டில் பிரஷ் பொருந்தும். தேயிலைக்கு நிழல் தரும் கிரவீலியாவை வீட்டோரம் வைக்காதீர்கள், அதன் கொப்பு எளிதில் முறியும். தடுப்புச் சுவரின் விளிம்பில் எந்தப் பெரிய மரமும் கூடாது.

கன்றை நேரில் பார்த்து வாங்குங்கள். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். தடித்த வேர் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் அது பையிலேயே வயதான கன்று. மண்ணில் வைத்தாலும் அந்த வேர் சுற்றிக்கொண்டே போய் அடிமரத்தை நெரிக்கும். ஒட்டுப் போட்ட இடம் ஆடாமல் மூடியிருக்க வேண்டும், நடும்போது அது மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். ஒக்டோபர் மழையோடு நடுங்கள்.

கேள்வி: பார்சலில் வந்த கன்று காய்ந்து கிடந்தது. விற்றவர் காசைத் திருப்பித் தர மறுக்கிறார்.
— ஹட்டன் வாசகர்

பதில்: பார்சலைப் பிரித்தபோது எடுத்த படம், பணம் அனுப்பிய சான்று, விளம்பரத்தின் படம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். அடுத்த முறை அந்தச் சீட்டில் மரத்தின் பெயரையும் ஒட்டுக்கன்றா விதைக்கன்றா என்பதையும் எழுதி வாங்குங்கள்.