ஸ்டேஷன் மாஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது?

கேள்வி: போன மாதம் அம்மாவை ரயிலேற்றிவிட ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வண்டி வழக்கமாக வரும் முதல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டரே வெளியே வந்து, "எதிர்வண்டியோட கிராசிங் இருக்கும்மா, இன்னிக்கு வண்டி ரெண்டாவதுலதான் வரும், பெரியவங்க படி ஏறணும், இப்பவே மெதுவா கிளம்புங்க" என்று சொல்லி, தண்டவாளப் பாதையை மாற்றிவிடும் ஊழியரான பாயின்ட்ஸ்மேனையும் துணைக்கு அனுப்பினார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மா ஏறி உட்காரும்வரை நின்றார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. இருவர் பெயரும் தெரியாது. எப்படி நன்றி சொல்வது?

பதில்: பணம் வாங்காதது நல்லதாகப் போயிற்று; அவர்கள் நடத்தை விதிகளுக்கு உட்பட்ட அரசு ஊழியர்கள், நீங்கள் அன்பாகக் கொடுத்தாலும் அவர்களுக்குத்தான் சங்கடம். எழுதிக் கொடுங்கள். அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் புகார் - ஆலோசனைப் புத்தகம் இருக்கும், அதில் பாராட்டையும் எழுதலாம். நேரில் போக முடியாவிட்டால் ரயில்வேயின் 'ரயில் மதத்' செயலியிலோ இணையதளத்திலோ பாராட்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒரு கடிதம் போட்டாலும் சரி. பெயர் தெரியாதது ஒரு குறையே இல்லை. ஸ்டேஷன் பெயர், தேதி, வண்டி எண், ஏறக்குறைய எத்தனை மணி என்பது போதும், அந்த நேரத்தில் யார் டியூட்டி என்பது பதிவேட்டில் இருக்கும். 'நல்ல சேவை, நன்றி' என்று ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள். இங்கே எழுதியதை அப்படியே அங்கேயும் எழுதுங்கள், பிளாட்பாரம் மாறும் என்று முன்கூட்டியே வந்து சொன்னதை முக்கியமாக. பாயின்ட்ஸ்மேனையும் விட்டுவிடாதீர்கள், பாராட்டு வரும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போவது அவர்தான்.

கேள்வி: சம்பளம் வாங்குகிறார்கள், வேலையைச் செய்கிறார்கள். இதற்கு எதற்குப் பாராட்டு?

பதில்: சின்ன ஸ்டேஷனில் அந்த வேலை என்னவென்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள். அடுத்த ஸ்டேஷனோடு பேசி லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி, வாங்குவது, சிக்னல் போடுவது, கேட் கீப்பரிடம் கேட் மூடியாயிற்றா என்று உறுதிசெய்வது, அறிவிப்பு, பல இடங்களில் டிக்கெட்டும் அதே ஆள்தான், அதுவும் 8 மணி நேரமோ 12 மணி நேரமோ ஒரே ஷிஃப்டில். கவுன்டரில் ஐந்து நிமிஷம் ஆள் இல்லை என்று நாம் சத்தம் போடும்போது, உள்ளே அவர் ஒரு வண்டியைப் பத்திரமாக அனுப்பிக்கொண்டிருக்கலாம். அங்கே ஒரு தவறு நடந்தால் உடனே மேலே தெரிந்துவிடும், புகார் வந்தால் விளக்கம் கேட்பார்கள். ஒரு வயதான அம்மாவின் முழங்காலை யோசித்து எழுந்து வந்தார் என்பது மட்டும் நாம் சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. அவர் உத்தரவுப்படி செய்ய வேண்டிய வேலையில் அது இல்லவும் இல்லை.

முதல் கேள்வி கேட்ட சகோதரிக்கு இன்னொன்று. கடிதம் தமிழிலேயே இருக்கட்டும், அம்மாவையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நகலை ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.