கஞ்சி பூசிய கடதாசியில் சேர்கிட் போர்ட்

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டிலேயே சேர்கிட் போர்ட் செய்து பழகுகிறேன். சஞ்சிகைக் கடதாசியில் சேர்கிட் கோடுகளை லேசர் பிரின்ட் எடுத்து, செம்புப் படலம் உள்ள போர்டில் வைத்து அயன் பண்ணுகிறேன். கடதாசியை உரிக்கும்போது கோடுகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. இதற்கென்றே விற்கும் டிரான்ஸ்பர் கடதாசி இங்கே கிடைக்கவில்லை. நானே செய்யலாமா?

பதில்: தாராளமாக. டோனர் என்பது நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள்தான். பிரின்டரின் சூட்டில் உருகிக் கடதாசி நாரைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு செம்புக்கு முழுதாக வர மறுக்கிறது. நடுவே தண்ணீரில் இளகும் மாப்படலம் ஒன்று இருந்தால் உரிக்கிற வேலையே இல்லை.

ஒரு மேசைக்கரண்டி கோன்பிளவர் மாவை ஒரு கப் பச்சைத்தண்ணீரில் கரைத்து, மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே காய்ச்சுங்கள். பால் நிறம் மாறிப் பளபளப்பாகத் தடிக்கும்போது இறக்கி, துணியில் வடியுங்கள். சின்னக் கட்டி ஒன்று தப்பினாலும் பிரின்ட்டில் வெள்ளைப் புள்ளி விழும். செம்பில் அது அறுந்த கோடு. சவ்வரிசிக் கஞ்சியும் சரி. சோறு வடித்த கஞ்சி மட்டும் வேண்டாம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தடிப்பில் இருக்கும்.

வழுவழுப்பான ஏ4 தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப்பால் ஒட்டிவிட்டு, ஸ்பொஞ்சால் மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்ததும் குறுக்காக இன்னொரு பூச்சு. நிழலில் காயட்டும். மெதுவாக வளைத்துப் பாருங்கள்: செதில் உதிர்ந்தால் பூச்சு தடிப்பு, அந்தத் தாளைப் பிரின்டருக்குள் விடாதீர்கள். ஈரத்தாளும் அப்படித்தான், உள்ளே உருளையில் ஒட்டிக்கொள்ளும். கார்த்திகை, மார்கழி மழையில் காய்ந்த பூச்சும் ஈரம் இழுக்கும். பின்பக்கம் லேசாக அயன் பண்ணி உடனே பிரின்ட் எடுங்கள். கொமினிகேசன் கடை மெஷின் என்றால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான். இங்க்ஜெட் போட்டோக் கடதாசியை லேசரில் போடவே கூடாது, அதன் பூச்சு உருகலாம்.

டோனர் சிக்கனத்தை நிறுத்திவிட்டு, கடும் கறுப்பில் எடுங்கள். கடதாசியில் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிந்தால்தான் போர்டில் நேராக விழும்.

அப்புறம் செம்பை மெல்லிய மண்கடதாசியால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள்; பிறகு விரல் படக்கூடாது. நீராவி இல்லாமல், பருத்திக்குரிய சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். ஓரங்களைத்தான் எல்லோரும் மறப்பது. ஆறவிட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடதாசி கழரும். கழராவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் ஊறட்டும். கோடுகளுக்கிடையில் வழுவழுவென்று நிற்கும் கஞ்சியை மெல்லிய பிரஷால் கழுவுங்கள். விட்டால், கோடில்லாத செம்பை அரித்து எடுக்கும் பெரிக் குளோரைட் கரைசல் அந்த இடத்தில் அரிக்காது. அறுந்த கோட்டை அழியாத மார்க்கர் பேனாவால் தொட்டுவிடலாம்.

அரித்து முடிந்த கரைசலில் செம்பு இருக்கும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் பிளாஸ்டிக் போத்தலில் மூடி, பெயர் எழுதி வையுங்கள். வலு குறையும்வரை அதையே திரும்பப் பாவிக்கலாம்.